இடம் வெறுமையாவது எதனால்? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய இடைத்தேர்தல்கள்

முன்னுரை

இடைத்தேர்தல் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது ஓர் உறுப்பினரின் மறைவு. அடுத்து எழுவது, அதன் முடிவைக் கொண்டு ஆளுங்கட்சியின் செல்வாக்கை அளந்து பார்க்கும் வழக்கம். இவ்விரண்டு எண்ணங்களையும் அப்படியே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவுக்குப் பொருத்தினால் அந்நாட்டின் அரசியல் வரலாற்றைப் பிழைபடப் படிக்க நேரும். அக்கால இடைத்தேர்தல்களுள் கணிசமானவை உறுப்பினர் அமைச்சராக உயர்ந்ததால் நடந்தவை. எதிர்த்து நிற்பார் எவருமின்றி, ஒரு வாக்கும் பதிவாகாமலே முடிந்தவையும் மிகப் பல. ஆதலால் முடிவைப் பார்க்கும் முன், இடம் ஏன் வெறுமையாயிற்று என்று கேட்பதே முறையாகும். அக்கேள்விக்குரிய விடைகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. நாடாளுமன்ற முறையைப் பிரித்தானியாவிடமிருந்து பெற்றுக்கொண்ட நம்மைப் போன்ற நாடுகளில் வரலாறு கற்பிப்போர்க்கு இது பயன்படும் என நம்பலாம்.

நடைமுறையை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஓர் இடம் வெறுமையானால், புதிய தேர்தல் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்ற தீர்மானம் மக்களவையில் முன்மொழியப்படும். அவ்விடத்தை வைத்திருந்த கட்சியின் கொறடாவே அதனை முன்மொழிவது மரபாயிற்று. தீர்மானம் நிறைவேறியதும் அவைத் தலைவர் அதற்குரிய அலுவலருக்கு உத்தரவிடுவார். தேர்தல் ஆணை தொகுதிக்குச் செல்லும். அவை கூடாத காலங்களில் அவைத் தலைவரே செயற்பட 1784ஆம் ஆண்டிலும் 1858ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இடமளித்தன. ஆணையை அனுப்பாமலே நிறுத்தி வைக்கவும் அவைக்கு அதிகாரம் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பதவி பெற்றவர் இடம் இழந்த விதி

அமைச்சரானால் உறுப்பினர் பதவி போய்விடும் என்னும் விதி இன்று வியப்பளிக்கக்கூடும். அதன் வேர் மன்னர்மீது நாடாளுமன்றம் கொண்டிருந்த ஐயத்தில் உள்ளது. ஊதியமுள்ள பதவிகளைக் கொடுத்து உறுப்பினர்களை மன்னர் விலைக்கு வாங்கிவிடுவார் என்று அஞ்சிய நாடாளுமன்றம், மன்னரிடம் பதவி பெற்ற எவரும் மக்களவையில் அமரவே கூடாது என 1701ஆம் ஆண்டின் அரசுரிமைச் சட்டத்தில் எழுதி வைத்தது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் அமைச்சர்கள் அவைக்கு வெளியே நின்றிருப்பர். நாம் அறிந்த அமைச்சரவை முறை வளர்ந்திருக்காது. அது நடைமுறைக்கு வருமுன்பே 1705ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த 1707ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு நடுவழி கண்டன. அதன்படி, பதவி ஏற்றவர் தம் இடத்தை இழப்பார். ஆனால் அதே தொகுதி மக்களிடம் சென்று மறுபடி தேர்வு பெற்று வரலாம். படை அதிகாரிகள் மேலும் ஓர் ஆணைப் பதவி பெறும்போது இவ்விதியிலிருந்து விலக்குப் பெற்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குள் சூழ்நிலை மாறிவிட்டது. அமைச்சர்கள் மன்னரின் கையாட்கள் என்ற நிலை மாறி, அவைப் பெரும்பான்மையின் தலைவர்கள் ஆயினர். விதி மட்டும் மாறவில்லை. புதிய அமைச்சரவை அமையும்போதெல்லாம் அதன் முன்னணி உறுப்பினர்கள் ஒருசேரத் தம் தொகுதிகளுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பெரும்பாலும் அது ஒரு சடங்காகவே முடிந்தது. முடியாதபோதுதான் வரலாறு திரும்பியது.

கிளேர், 1828

இதற்கு மிகச் சிறந்த சான்று அயர்லாந்தின் கிளேர் மாவட்ட இடைத்தேர்தல். அதன் காரணச் சங்கிலி வேறோர் ஊரில் தொடங்குகிறது என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. 1826ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஈஸ்ட் ரெட்ஃபோர்ட் என்னும் சிறு நகரத் தொகுதியில் லஞ்சம் பெருகியதால் அதன் முடிவு செல்லாததாயிற்று. அத்தொகுதியின் இடங்களைத் தொழில்நகரமான பர்மிங்ஹாமுக்குத் தருவதா, சுற்றியுள்ள நாட்டுப்புறத்திற்கே விரித்துவிடுவதா என்ற வழக்கு எழுந்தது. 1828 மே மாதத்தில் இவ்வழக்கில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஹஸ்கிசன் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். அவருடைய நண்பர்களும் உடன் விலகினர். அவர்களுள் ஒருவர் வணிக வாரியத் தலைவராயிருந்த சார்ல்ஸ் கிராண்ட். அந்த இடத்திற்குப் பிரதமர் வெல்லிங்டன் கோமகன் நியமித்தவர் கிளேர் மாவட்ட உறுப்பினர் வெஸி பிட்ஸ்ஜெரால்ட். பதவி ஏற்றதால் அவர் இடம் வெறுமையாயிற்று.

பிட்ஸ்ஜெரால்ட் கத்தோலிக்கர்களுக்கு உரிமை வழங்க வேண்டும் என்ற கருத்துடைய சீர்திருத்தச் சபையினர். தொகுதியில் நல்ல பெயருள்ள நிலக்கிழார். சடங்காக முடிந்திருக்க வேண்டிய தேர்தல். ஆனால் கத்தோலிக்கச் சங்கத்தின் தலைவர் டேனியல் ஓ'கானல் தாமே எதிர்த்து நின்றார். கத்தோலிக்கர் வேட்பாளராக நிற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவையில் அமருமுன் எடுக்க வேண்டிய உறுதிமொழிகள்தாம் கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுக்கச் சொல்லித் தடையாக நின்றன. ஓ'கானல் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். ஜூலை மாதம் என்னிஸ் நகரில் நடந்த வாக்குப்பதிவில், ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலவுரிமை கொண்ட சிறு விவசாயிகள் தம் நிலக்கிழார்களின் விருப்பத்தை மீறி, வெளிப்படையாகவே, ஓ'கானலுக்கு வாக்களித்தனர். அவர் பெற்றவை 2,057 வாக்குகள். பிட்ஸ்ஜெரால்ட் பெற்றவை 982. கமுக்க வாக்குமுறை இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு வாக்கும் நிலக்கிழாரின் கண்முன் சொல்லப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த எண்களின் எடை புலப்படும்.

அயர்லாந்து முழுவதும் இதே நிலை பரவும் என்று வெல்லிங்டனும் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலும் உணர்ந்தனர். 1829 ஏப்ரலில் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. அதற்கு ஈடாக அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைத் தகுதி நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுனுக்கு உயர்த்தப்பட்டது. ஓ'கானலை வெற்றிபெறச் செய்த சிறு விவசாயிகளே அதனால் வாக்கிழந்தனர். அவர்கள் பெற்றுத் தந்த உரிமையின் விலையை அவர்களே செலுத்தினர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. ஓ'கானலும் புதிய சட்டத்திற்கு முன் தேர்வானவர் என்பதால் பழைய உறுதிமொழியையே எடுக்க வேண்டும் என அவை கூறிவிட்டது. அவர் மறுக்க, இடம் மீண்டும் வெறுமையாகி, 1829 ஜூலையில் போட்டியின்றி மறுபடி தேர்வானார்.

இச்சட்டத்தின் நிழலிலேயே மற்றோர் இடைத்தேர்தலும் நடந்தது. கத்தோலிக்கர் கோரிக்கையை நெடுங்காலம் எதிர்த்து வந்த பீல், நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதும், தம்மைத் தேர்ந்தெடுத்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியின் முன் மறுபடி நிற்பதே நேர்மை எனக் கருதிப் பதவி விலகினார். 1829 பிப்ரவரியில் ராபர்ட் இங்கிலிஸ் 755 வாக்குகளும் பீல் 609 வாக்குகளும் பெற்றனர். தோற்ற உள்துறை அமைச்சர் வெஸ்ட்பரி என்னும் சிறு தொகுதியின் வழியாக அவைக்குத் திரும்பினார். அத்தொகுதி ஒரு தனிமனிதரின் கைக்குள் இருந்தது.

தோற்ற அமைச்சர்கள்

1830இல் அயர்லாந்துத் துறையின் தலைமைச் செயலாளரான எட்வர்ட் ஸ்டான்லி, வாக்குரிமை பரந்திருந்த பிரஸ்டன் தொகுதியில் தீவிரவாதி ஹென்றி ஹண்டிடம் தோற்றார். 1835இல் உள்துறை அமைச்சரான ஜான் ரஸ்ஸல் பிரபு தென் டெவனில் தோற்று, வேறொருவர் விட்டுக்கொடுத்த ஸ்ட்ரௌட் தொகுதிக்கு மாறினார். ஒருவருக்குச் சொந்தம்போல் இருந்த சிறு தொகுதிகளை ஒழித்தால் அமைச்சர்களுக்குப் பாதுகாப்பான இடமே இருக்காது என்று சீர்திருத்த எதிர்ப்பாளர்கள் 1832க்கு முன் வாதிட்டிருந்தனர். சீர்திருத்தச் சட்டத்தை அவையில் முதன்முதல் முன்வைத்த ரஸ்ஸலே அவ்வாதத்திற்கு எடுத்துக்காட்டானார்.

கிளாட்ஸ்டனின் நிலை இன்னும் விசித்திரமானது. 1845 டிசம்பரில் பீலின் அமைச்சரவையில் குடியேற்ற நாடுகளின் அமைச்சரானார். அவருடைய நியூவார்க் தொகுதியில் செல்வாக்குடைய நியூகாஸில் கோமகன் தானியச் சட்ட ஒழிப்பிற்கு எதிரி; ஆதரவு தர மாட்டார். கிளாட்ஸ்டன் அங்கு நிற்கவேயில்லை. விளைவாக, தானியச் சட்டங்கள் ஒழிக்கப்பட்ட 1846ஆம் ஆண்டின் பெரும் விவாதங்களில், அமைச்சராக இருந்தும் அவரால் அவையில் ஒரு சொல் பேச முடியவில்லை. 1847 பொதுத்தேர்தலில்தான் அவர் மீண்டும் உறுப்பினரானார்.

1867ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் ஓர் எளிய திருத்தம் செய்தது: ஓர் அமைச்சுப் பதவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் மறுதேர்வு பெறத் தேவையில்லை. ஆனால் 1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன் நிதியமைச்சர் பதவியையும் கூடுதலாக ஏற்றபோது, மாறுவதும் கூட்டிக்கொள்வதும் ஒன்றா என்ற ஐயம் எழுந்தது. கிரீனிச் தொகுதியில் அவர் இடம் வெறுமையாகிவிட்டதா என்று சட்ட வல்லுநர்கள் முரண்பட்டனர். 1874 ஜனவரியில் அவர் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடிவு செய்த காரணங்களுள் இச்சிக்கலும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இதே வகை இடைத்தேர்தல் ஒன்றே கமுக்க வாக்குமுறையின் முதல் களமாகவும் அமைந்தது. 1872 ஆகஸ்ட் 15ஆம் நாள், அமைச்சுப் பதவி ஏற்ற ஹியூ சில்டர்ஸ் பாண்டிஃப்ராக்ட் நகரில் மறுதேர்வு கோரினார். அந்நகர் அதிமதுர இனிப்புக்குப் பெயர் பெற்றது. வாக்குப்பெட்டியின் அரக்கு முத்திரைகளை அவ்வினிப்பில் குத்தும் அச்சைக் கொண்டே பதித்தனர். சில்டர்ஸ் முன்பு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பணியாற்றியவர்; கமுக்க வாக்கை 1856இலேயே சட்டமாக்கிய குடியேற்றப் பகுதி அது.

நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இவ்விதி அமைச்சர்களைத் தொல்லைப்படுத்தியது. 1880இல் உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தோற்க, கப்பல்களின் சுமைக்கோட்டுக்குப் பெயர் தந்த பிளிம்சால் தம் டார்பி தொகுதியை அவருக்காகத் துறந்தார். 1919இல் இவ்விதி தளர்த்தப்பட்டு, 1926இல் முற்றாக நீக்கப்பட்டது.

விலக முடியாதவர் விலகிய வழி

மக்களவை உறுப்பினர் தாமாக விலக முடியாது என்று 1624இல் அவை தீர்மானித்திருந்தது. ஆனால் மன்னரின் பதவி பெற்றவர் இடம் இழப்பார் என்பது மேற்சொன்ன விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த கூரிய மூளைகள், வேலையோ வருவாயோ இல்லாத ஒரு பதவியைக் கேட்டுப் பெற்று இடத்தை இழக்கும் வழியைக் கண்டுபிடித்தன. சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்னும் நிலப்பகுதியின் மேற்பார்வையாளர் பதவி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தும், நார்த்ஸ்டெட் பண்ணையின் பதவி 1844இலிருந்தும் இதற்குப் பயன்பட்டன. ஊழலைத் தடுக்கப் பிறந்த விதி விலகும் வாயிலாக மாறிய கதை இது. பிரித்தானியர் இவ்வழியை இன்றும் விடவில்லை.

விலகலின் நோக்கங்கள் பலவாறாயின. லண்டன் மாநகரத் தொகுதியில் 1847இல் தேர்வான லயனல் டி ராத்ஸ்சைல்ட் யூதர். கிறித்தவ நம்பிக்கையின் பெயரால் உறுதிமொழி எடுக்க மறுத்ததால் அமர முடியவில்லை. அவர் 1849இலும் 1857இலும் விலகி, இடைத்தேர்தல்களில் வென்று, தம் வாக்காளரின் உறுதியை அவைக்கு மறுபடி மறுபடி காட்டினார். 1858இல் சட்டம் திருத்தப்பட்டது. நார்த்தாம்ப்டனின் நாத்திகர் பிராட்லா 1881, 1882, 1884 ஆகிய மூன்று இடைத்தேர்தல்களில் வென்றார், 1886இல்தான் அமர்ந்தார். இவரே 1889இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்று வரவேற்கப்பட்டவர்.

நடைபெறாத இடைத்தேர்தல்

வழக்கின்வழி இடம் வெறுமையாவதும் உண்டு. தேர்தல் மனுக்களை முதலில் அவைக் குழுக்களும், 1868ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நீதிபதிகளும் விசாரித்தனர். சட்பரி தொகுதியில் 1841இல் வென்ற டைஸ் சோம்பர், மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவின் பேகம் சம்ருவுடைய வாரிசு. மக்களவைக்குத் தேர்வான முதல் இந்திய வழியினர். லஞ்சம் மெய்ப்பிக்கப்பட்டு 1842இல் அத்தேர்தல் செல்லாததாயிற்று. அவை புதிய ஆணை அனுப்பவில்லை. 1844இல் தொகுதியே ஒழிக்கப்பட்டது.

இறப்பும் பிரபுப் பட்டமும்

உறுப்பினரின் இறப்பால் வந்த இடைத்தேர்தல்கள் எண்ணிக்கையில் குறைந்தவையல்ல. விளக்கத்திற்குரிய பொருள்தான் அவற்றில் குறைவு. தந்தை இறக்க மகன் பிரபுக்கள் அவைக்குப் போவது இதனோடு ஒட்டியது. 1834 நவம்பரில் ஸ்பென்சர் பிரபு இறந்ததால் அவர் மகனும் நிதியமைச்சருமான ஆல்தார்ப் மக்களவையை விட்டு நீங்கினார். அவையின் தலைமைக்கு ஏற்ற ஆள் இல்லை என்பதைக் காரணமாக்கி நான்காம் வில்லியம் மன்னர் மெல்பர்ன் அமைச்சரவையையே நீக்கினார்.

நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இடைத்தேர்தலைக் காற்றுமானியாகக் கொள்ளும் பழக்கம் வளர்ந்தது. 1880 பிப்ரவரியில், தாராளவாதி ஜான் லாக் இறந்ததால் சதர்க் தொகுதியில் நடந்த தேர்தலில் பழமைக் கட்சியின் எட்வர்ட் கிளார்க் வென்றார். காற்று தம் பக்கம் வீசுகிறது என்று நம்பிய டிஸ்ரேலி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஏப்ரலுக்குள் அவர் ஆட்சி வீழ்ந்தது. சதர்க்கில் கிளார்க்கும் தோற்றார். அவர் சில மாதங்களில் பிளிமத் தொகுதியிலிருந்து அவைக்குத் திரும்பினார். அங்கு இடம் வெறுமையானது, தேர்தல் மனுவின் மீது முந்தைய வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டதால்.