மான் வேட்டைக்கு மலிவுத் துப்பாக்கியா? முதலில் இதைப் படியுங்கள்

யூடியூப்பில் ஒரு வகைக் காணொலிக்கு நம் இளைஞர்களிடையே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அமெரிக்கக் காடு ஒன்றில் ஒருவர் மரத்தின் மேல் காத்திருப்பார். கையில் பழங்காலத்துப் பாணியில் ஒரு துப்பாக்கி. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கியிருப்பார். மான் வரும். ஒரே ஒரு வேட்டு. அடுத்த காணொலியில், குறைந்த விலையில் எதை வாங்கலாம் என்று நாலைந்து துப்பாக்கிகளை வரிசையாக வைத்து விளக்குவார்கள்.

"நம் ஊரிலும் இப்படி ஒன்று கிடைக்குமா?" என்று வானொலி நேயர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சிலர் வேடிக்கையாகக் கேட்கிறார்கள். சுங்கை சிப்புட், தாப்பா பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, தாத்தா சொன்ன வேட்டைக் கதைகளைக் கேட்டவர்களோ உண்மையாகவே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அங்கே ஏன் சுலபம்?

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கருமருந்து போட்டுக் குழல்வாயில் நிரப்பும் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் 'பழம்பொருள்' கணக்கில் சேர்த்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், பல இடங்களில் சில நூறு டாலருக்குக் கடையில் வாங்கிவிடலாம். ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். அதனால் இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே பல மாநிலங்களில் தனி வேட்டைக் காலம் உண்டு. அங்கே வெள்ளைவால் மான்கள் மட்டும் ஏறத்தாழ 3 கோடி இருப்பதாகக் கணக்கு.

தமிழர்களுக்கும் இந்தத் துப்பாக்கி புதிதல்ல. இலங்கையின் வன்னியில் இதை 'இடியன் துவக்கு' என்பார்கள். மருந்தை இடித்து நிரப்புவதால் வந்த பெயர். தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் தோளில் தொங்கியதும் இதே வகைதான். ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அந்த வேட்டை வாழ்க்கை மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கி பழசா புதுசா, மலிவா விலை கூடியதா என்று பார்ப்பதில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய குழலும், அதிலிருந்து வெளியேறும் குண்டும் இருந்தால் அது ஆயுதம். காற்றுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டால், 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் காத்திருக்கின்றன. இரவில் துணைக்குப் போன கூட்டாளியையும் இந்தச் சட்டம் விட்டுவைப்பதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவரோடு சேர்ந்து திரிவதும் தனிக் குற்றம்.

இணையத்தில் ஆர்டர் செய்து வரவழைக்கலாமா? இறக்குமதிக்கும் லைசென்ஸ் வேண்டும். இரும்புக் குழாயை வைத்து நாமே செய்யலாமா? அனுமதியின்றித் தயாரிப்பது இன்னும் பெரிய குற்றம். மருந்தின் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் கண்ணும் விரலும்தான். வெடிமருந்துக்கோ 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது.

"தோட்டத்தில் சிலரிடம் துப்பாக்கி இருக்கிறதே?" என்று கேட்கலாம். பயிரைக் காக்க, மாநிலப் போலீஸ் தலைவரிடம் முறையாக விண்ணப்பித்து லைசென்ஸ் பெற்றவர்கள் அவர்கள். அந்த லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே. விலங்கைச் சுடுவதற்குப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவின் அனுமதி தனியாக வேண்டும்.

பேராக் மறக்காத கதை

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற நிலை வந்தது. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி, துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. இன்றைய ஆயுதச் சட்டமும் அதே ஆண்டைச் சேர்ந்ததுதான். இந்த மண்ணில் துப்பாக்கி என்பது என்றைக்குமே வெறும் பொழுதுபோக்குச் சாமானாக இருந்ததில்லை.

சுடுவதற்கு மான் எங்கே?

சரி, லைசென்ஸே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட லைசென்ஸ் கொடுப்பதைப் பெர்ஹிலித்தான் 2009ஆம் ஆண்டு நிறுத்தியது. முதலில் 6 ஆண்டு என்றார்கள். எண்ணிக்கை மீளாததால் தடை நீட்டிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, கடுமையான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. சில நூறு டாலர் துப்பாக்கியின் விலையை இந்தத் தொகையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மான் குறைந்தால் இழப்பு மானுக்கு மட்டுமல்ல. மலாயாப் புலியின் முக்கியமான இரை கடமான். நாட்டில் காட்டில் வாழும் புலிகள் 150க்கும் குறைவு என்பது 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின் முடிவு. அவற்றின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று நம் பேராக்கின் ரோயல் பெலும் காடு. 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 117,500 ஹெக்டர் நிலம் அது. அங்கே யாரோ வைக்கும் கண்ணியில் ஒரு கடமான் சிக்கினால், பசியோடு திரிவது புலி. பசித்த புலி தோட்டத்துப் பக்கம் வந்தால், பயப்படப் போவது விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் நம் ஆட்கள்.

அப்படியானால் ஆசை உள்ளவர் என்ன செய்வது?

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் விருப்பம் இருந்தால், பதிவுபெற்ற துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேருங்கள். பயிற்சியும் பாதுகாப்பும் முறையாகக் கிடைக்கும். மான் இறைச்சி வேண்டுமா? உரிமம் பெற்ற பண்ணைகளில் வளர்க்கும் மான் இறைச்சியைக் கேட்டு வாங்குங்கள். "காட்டு மான், யாரிடமும் சொல்லாதே" என்று ரகசியமாக நீட்டப்படும் பொட்டலத்தைத் தொடாதீர்கள். காட்டுப்பன்றி தோட்டத்தை நாசம் செய்தால் பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள்.

கடைசியாக, பழைய தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது, பரணில் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கிடைத்தால் அதை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் தாத்தாவின் பெயரில் இருந்திருந்தாலும் அது பேரனுக்குத் தானாக வந்து சேராது. அதைத் தூக்கிக்கொண்டு காரில் போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு முதலில் போன் போடுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். வேட்டைக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எந்த லைசென்சும் தேவையில்லை.