சாரல் காலத்து நாற்பத்தொன்பது நாட்கள்

ஆனி பிறந்ததும் குற்றாலத்திற்குப் புறப்படுவது நம் பகுதிக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். பாளையங்கோட்டையினின்றும் தூத்துக்குடியினின்றும் வரும் நம்மவர், அருவியில் நீராடி முடித்தபின் பொழுதிருந்தால் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய்வரை சென்று மலையழகு கண்டு திரும்புவர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இச்சிறு தொலைவுக்குள் ஒரு காலத்தில் வேறோர் அரசின் நிலம் தொடங்கிற்று என்பதையும், 1947-ஆம் ஆண்டுச் சாரல் காலத்தில் அது வேறொரு நாடாகவே ஆகிவிடும் நிலை இருந்தது என்பதையும் நம் இளைஞருள் அறிந்தோர் சிலரே.

அதை இப்பொழுது நினைவுகூரக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதற்குப் பிரிட்டன் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றி அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நடைபெற்ற நீண்ட வாதத்தைச் செய்தித்தாள்களில் படித்தபொழுது, "இதில் என்ன இவ்வளவு சிக்கல்? விலகுவதென்றால் விலகிவிட வேண்டியதுதானே?" என்று நம் இல்லங்களில் பலரும் கேட்டனர். அக்கேள்விக்கு விடை தேடி நாம் லண்டன்வரை போக வேண்டியதில்லை. செங்கோட்டைக்குப் போனால் போதும்.

செங்கோட்டை மலைக்குக் கிழக்கே உள்ளது. அங்குப் பெய்யும் மழை சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மக்கள் பேசுவது தமிழ். கொள்வினை கொடுப்பினை எல்லாம் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தோடுதான். ஆயினும் 1956 வரை அவ்வூர் மலைக்கு மேற்கேயிருந்த அரசுகளுக்கே உட்பட்டிருந்தது. அவற்றுள் நெடுங்காலம் ஆண்டது திருவிதாங்கூர் சமஸ்தானம். சமஸ்தானத்தின் சங்கு முத்திரை தாங்கிய வளைவை ஊரின் நுழைவாயிலில் பல தலைமுறையினர் கண்டிருக்கின்றனர். ஆஷ் துரையை 1911-இல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அவர் வேலை பார்த்ததும் திருவிதாங்கூரின் வனத்துறையில்தான். அந்நாட்டுக்குத் தனி நாணயம் உண்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்த ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். தென்காசிச் சந்தைக்கு வந்த செங்கோட்டைக்காரர் அந்த அரைச் சக்கரத்தையும் கணக்கிட்டுத்தான் பேரம் பேசியிருக்க வேண்டும்! தபாலும் தனி. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அஞ்சல்'. இன்று நாமெல்லாரும் தூய தமிழென்று வழங்கும் அச்சொல், அன்று மலையாள நாட்டு அரசாங்க இலாகா ஒன்றின் பெயராக இருந்தது.

இத்தனை தனிமைக்கு இடையிலும் எல்லை உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம், 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் ஏற்பட்ட வாணிப உடன்படிக்கை. பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைச் சுங்கத்தை அது நீக்கிற்று. பின்னர் 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடலாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் சரக்கு மேற்கேயும், மலைநாட்டு மரமும் மிளகும் கிழக்கேயும் தடையின்றிச் சென்றன. அரசுகள் இரண்டு, வாணிபம் ஒன்று என்பதே நிலை. பிற்காலத்தில் ஐரோப்பியர் பெரும்பாடுபட்டு அமைத்துக்கொண்ட ஏற்பாட்டின் சிறு வடிவம் ஒன்று நம் மலையடிவாரத்தில் முன்பே இருந்ததென்று சொன்னால் மிகையாகாது.

இந்நிலையில்தான் 1947 பிறந்தது. ஜூன் 3-ஆம் நாள் மவுண்ட்பேட்டன் பிரபுவின் திட்டம் வெளியாயிற்று. பிரிட்டிஷ் மணிமுடியோடு சமஸ்தானங்கள் கொண்டிருந்த பிணைப்பு அறுந்துவிடும் என்ற நிலையில், திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர் ஜூன் 11-ஆம் நாள் தம் நாடு இந்திய ஒன்றியத்தில் சேராது, சுதந்திர நாடாகத் தனித்தே நிற்கும் என அறிவித்தார். பாகிஸ்தானுக்குத் தூதர் ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு நடந்தது. ஜின்னா அதை வரவேற்றார்.

சர் சி. பி. அற்ப மனிதரல்லர். தமிழர், சென்னை வழக்கறிஞருள் தலைசிறந்தவர், 1936 முதல் திவான். அவர் வைத்த வாதமும் அற்பமானதன்று. திருவிதாங்கூரைப் பிரிட்டிஷார் வென்று பிடிக்கவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டே உறவு வைத்தனர். அவ்வுடன்படிக்கை முடிந்தால் இறையாண்மை மன்னரிடமே திரும்பும் என்றார். நாட்டுக்குக் கடற்கரை உண்டு, துறைமுகங்கள் உண்டு. தேயிலை, ரப்பர், தென்னை உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அணுசக்திக்குப் பயன்படும் மோனசைட் உண்டு. அந்த மணலின் மீது வல்லரசுகளே கண் வைத்திருந்த காலம் அது. மக்கள் தொகையோ 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 60 லட்சம்; இதனினும் சிறிய நாடுகள் ஐரோப்பாவில் இல்லையா?

சட்ட நூலைப் பார்த்தால் இவ்வாதத்திற்குப் பதில் சொல்லுதல் எளிதன்று. சோற்றுப் பானையைப் பார்த்தால் எளிது. திருவிதாங்கூரில் விளைந்த நெல் அந்நாட்டு மக்களுக்குப் போதாது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பஞ்சமும் பட்டினியும் தொடர்ந்தன. அப்படிப்பட்ட நாடு, தனக்கு வெளியேயிருந்து அரிசி வரும் வழிகளின் குறுக்கே தானே ஒரு நாட்டெல்லையைப் போட முற்பட்டது. 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரிட்டிஷ் ஆட்சியோடு செய்யப்பட்டது. அந்த ஆட்சியே போனபின் சுங்கச்சாவடியைத் திறப்பதா மூடுவதா என்பதை யாரோடு பேசுவது? ரயில் எந்த நிலையத்தில் நின்று சோதனைக்கு உட்படுவது? தென்காசியில் பெண் கொடுத்த செங்கோட்டைக் குடும்பம் கடவுச்சீட்டு எடுக்க வேண்டுமா? அறிக்கைகள் முழங்கியவை மன்னரின் உரிமையையும் நாட்டின் பெருமையையும். புளியறைச் சாலையில் வண்டியோட்டுபவன் கேட்கக்கூடிய இக்கேள்விகள் அவற்றில் இடம்பெறவில்லை.

காங்கிரஸ் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஜூன் நடுவில் தில்லியில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, எந்தச் சமஸ்தானத்துக்கும் தனித்து நிற்கும் உரிமையில்லை என்று தீர்மானித்தது. ஜூலையில் சர் சி. பி. தில்லி சென்று மவுண்ட்பேட்டனோடு பேசித் திரும்பினார். ஜூலை 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசைவிழா ஒன்றிலிருந்து வெளியேறுகையில் அவர் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். ஜூலை 30-ஆம் நாள் இந்தியாவோடு இணைய மன்னர் சித்திரைத் திருநாள் இசைந்துவிட்டார். அறிவிப்பிலிருந்து இசைவுவரை நாற்பத்தொன்பது நாட்கள். ஏறக்குறைய ஒரு குற்றாலச் சாரல் காலம். மாநாடும் வாக்கெடுப்பும் முடிக்க வேண்டிய ஒரு வழக்கில் அரிவாளும் புகுந்தது என்பது, முடிவை வரவேற்கும் நமக்கும் மனநிறைவு தருவதன்று.

இனிப் பிரிட்டனுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் ஒன்றியத்தினின்று விலக வாக்களித்தனர். அவர்களுள் பலரின் ஆதங்கம் நேர்மையானதே. தம் சட்டத்தைத் தம் பாராளுமன்றமே இயற்ற வேண்டுமென்று ஒரு மக்கள் கேட்பதை, விடுதலைக்குப் போராடிய நாம் எளிதில் பழிக்க முடியாது. ஆனால் அந்நாட்டின் 'செங்கோட்டை' அயர்லாந்தில் இருந்தது. 1921-இல் பிரிக்கப்பட்ட அத்தீவின் வட பகுதி பிரிட்டனோடும், ஏனைய பகுதி தனி நாடாகவும் உள்ளன. இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டாண்டினருக்கும் இடையே, உண்மையில் சமயத்தைக் காட்டிலும் நாட்டுரிமை பற்றி எழுந்த பகைமையில், முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். எல்லைச் சாவடிகளே குண்டுகளுக்கு இலக்காயின. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அதுவும் பெரிய வெள்ளியன்று, ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைக்குப் பின் சாவடிகள் மறைந்தன. இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தமையால் சுங்கம் பார்க்கவும் தேவையில்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. திருச்சபை அந்த எல்லைக்கோட்டை என்றுமே தன் கோடாக ஏற்கவில்லை. அர்மா உயர்மறைமாவட்டமும் டெர்ரி, குளோகர், கில்மோர் மறைமாவட்டங்களும் இன்றும் எல்லையின் இருபுறமும் பரந்துள்ளன. நம் பக்கத்தில் நடந்தது வேறு. தமிழ் வழங்கும் கோட்டாற்றை 1930-இலேயே கொல்லத்தினின்று பிரித்துத் தனி மறைமாவட்டமாக்கினார் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர். அரசாங்கம் அதே வழியில் கோடு கிழிக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின.

ஒன்றியத்தை விட்டு விலகினால் சுங்க எல்லை எங்கேனும் இருந்தாக வேண்டும். அயர்லாந்தில் வைத்தால் சமாதானம் கெடும். கடலில் வைத்தால் பிரிட்டனே தனக்குள் சுங்கம் பார்க்க நேரும். பிரதமர் தெரேசா மே, வேறு வழி காணும்வரை நாடு முழுவதையும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க வட்டத்தில் வைக்கலாமென்றார். அது விலகலே அன்று என்றனர் அவர் கட்சியினரே. 2019 ஜனவரி 15-ஆம் நாள் அவர் கொணர்ந்த உடன்படிக்கைக்கு எதிராக 432 வாக்குகளும், ஆதரவாக 202 வாக்குகளும் விழுந்தன. மேலும் இருமுறை தோற்று அவர் பதவி விலகினார். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் எல்லையைக் கடலுக்கு மாற்றி, தேர்தலில் வென்று, 2020 ஜனவரி 31-ஆம் நாள் நாட்டை வெளியே கொணர்ந்தார். 2023-இல் வின்ட்சர் ஏற்பாடு என்ற பெயரில் அதையும் திருத்த வேண்டியதாயிற்று. வட அயர்லாந்து மக்களுள் 55.8 விழுக்காட்டினர் தொடக்கத்திலேயே விலக வேண்டாமென்று வாக்களித்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லையோரத்து மக்களிடம் கேட்டார்கள். கேட்டபின் மற்றவர் எண்ணிக்கையில் அந்த விடை மூழ்கிப்போயிற்று. செங்கோட்டை மக்களிடமோ 1947-இல் யாரும் கேட்கவே இல்லை.

செங்கோட்டைக்கு விடை கிடைக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. நேசமணி முதலானோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் போராடினர். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டையும் குமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

நாட்டெல்லையாக ஆகவிருந்த கோடு மாநில எல்லையாகச் சற்று மேற்கே நகர்ந்து நின்றது. புளியறையில் லாரிகள் வணிகவரிச் சோதனைக்கு வரிசை நின்ற காட்சி நம் தலைமுறைக்குப் பழக்கமானது. 2017 ஜூலை முதல் சரக்கு-சேவை வரி வந்தபின் அச்சோதனை நீங்கிற்று. ஆயினும் 2020-இல் கொரோனாக் கொள்ளைநோயின்போது, புனலூர்ப் பக்கம் பெண் கொடுத்திருந்த நம் குடும்பங்கள் இ-பாஸ் விண்ணப்பித்து, அனுமதி வரும்வரை சாவடிக்கு இப்பாலே காத்திருந்தன. மலைக்கு அப்பால், ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், மகள் இருந்தாள்.