சாவியைத் திருப்பினால் போதுமென்றிருந்த காலம்

அம்பாசிடரை இரவில் வெளியூரில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போகும் டிரைவர்களில் விவரமானவர்கள், பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டாரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சின்னத் துண்டு அது. அது இல்லாமல் வண்டி கிளம்பாது, இன்னொரு ரோட்டாரோடு வரும் கெட்டிக்காரத் திருடனைத் தவிர. வேறு சிலர் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்சை வைத்திருந்தார்கள். அதன் இடம் ஓனருக்கும் டிரைவருக்கும், பொருத்திக் கொடுத்த எலெக்ட்ரீஷியனுக்கும் மட்டுமே தெரியும். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது முந்தைய நாள் சட்டையைத்தான்.

அன்றைய சாவி வெறும் சுவிட்ச். பூட்டுக்குப் பின்னால் வரும் ஒயர்களைச் சேர்த்து முறுக்கினாலே சாவியின் வேலை முடிந்துவிடும். ஆகவே கிளம்பாத வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: பெட்ரோல் வருகிறதா, கரண்டு வருகிறதா? பிளக் ஒயரைப் பிடுங்கி இன்ஜின் இரும்புக்கு அருகே பிடித்துச் செல்ஃப் அடித்தால், நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து மூடுவார்கள். பேட்டரி செத்திருந்தால் முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றலாம். அதுவும் இல்லையென்றால் டீக்கடையில் நிற்கும் நாலு பேர் வந்து தள்ளுவார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும்.

அந்த நாட்களை ரொம்பவும் புகழ்வதற்கில்லை. மழைக்கால விடியலில் சோக்கை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தவர்களுக்கு அது தெரியும். தேய்ந்துபோன ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டியைத் திறந்துவிட்ட கதைகளும் உண்டு.

இன்றைய சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் நெல்மணியைவிடச் சற்றே பெரிய சிப் ஒன்று இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே சக்தி பெற்று, அது தன் அடையாளத்தைச் சொல்கிறது. காரின் கணினி அதை ஏற்றுக்கொண்டால்தான் பெட்ரோலும் பொறியும் கிடைக்கும். இதுதான் இம்மொபிலைசர். இதன் முன்னோடி 1986 மாடல் ஷெவர்லே கார்வெட்டில் வந்தது. அதில் சாவிக்குச் சாவி மின்தடை மாறும். இருந்தவை மொத்தம் 15 அளவுகள்தாம். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. இங்கே மாருதி தன் ஏற்பாட்டுக்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்தது.

பலன் கண்கூடு. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான திருட்டுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இந்தக் கருவியால் கார் திருட்டு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் 2015 மாடல்களை எடுத்துக்கொண்டால், ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 விழுக்காட்டில்தான் இம்மொபிலைசர் கூடவே வந்தது. மற்ற நிறுவனங்களில் 96. சில ஆண்டுகள் கழித்து அந்த இரண்டு நிறுவனங்களின் பழைய கார்களைத்தான் விடலைப் பையன்கள் யூஎஸ்பி ஒயரின் முனையால் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் இப்போது, ஒரு குறையும் இல்லாத வண்டியும் கிளம்ப மறுக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அல்லது பிடித்து இரண்டு விநாடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் பூட்டு அல்லது சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னும். பொறி பார்ப்பதில் பயனில்லை, தள்ளுவதிலும் பயனில்லை. வண்டி உங்களை அடையாளம் தெரியாமல் நிற்கிறது. டீக்கடைக்காரர்கள் வந்தாலும் வேடிக்கைதான் பார்க்க முடியும். கைச்சுத்தமான பழைய மெக்கானிக்குக்கும் ஸ்கேனர் இல்லாமல் இங்கே வேலை இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இழப்புதான்.

காரணங்கள் பல நேரம் அற்பமானவை. ஒரே வளையத்தில் தொங்கும் இன்னொரு காரின் சாவி குறுக்கே பேசியிருக்கும். வண்டி பேட்டரி தளர்ந்து, செல்ஃப் அடிக்கும்போது கணினிக்குப் போதிய வோல்டேஜ் கிடைத்திருக்காது. ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றுகிறோம் என்று சாவித் தலையைப் பிளந்தவர்கள், சிப் கீழே விழுந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தால், சாவியையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் கிளம்பிவிடும்.

அன்று பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அரம் வைத்து உட்கார்ந்திருப்பவர் கால் மணி நேரத்தில் மாற்றுச் சாவி தேய்த்துக் கொடுத்தார். அதே போல இன்று தேய்த்த சாவி கதவைத் திறக்கும், இன்ஜினைக் கிளப்பாது. புதுச் சாவிக்கு ஆயிரங்களில் பணமும் வண்டியின் ஆவணங்களும் கேட்கிறார்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்களும் இரண்டு சாவியையும் கேட்பார்கள். பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியை இன்றைக்கே எடுத்து, வண்டி கிளம்புகிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.