உங்களுக்குத் தெரியுமா? சில வாட்டில் அரங்கம் நிறைந்த கதை

முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) எடுக்கப்பட்டது பம்பாயில்தான். அன்றைய தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்களின் சக்தி மிகக் குறைவு. அப்படியும் கடைசி வரிசைவரை வசனம் எட்டியதென்றால், அந்தப் பெருமை திரைக்குப் பின்னால் நின்ற குழாய் ஒலிபெருக்கிகளுக்கே.

சாதாரண ஸ்பீக்கர், வாங்கும் மின்சாரத்தில் 1 சதவீதம் அளவையே ஒலியாக்கும். குழாய் வகை 10 சதவீதத்துக்கும் மேல் தரும். அதனால்தான் 1945இல் வந்த ஆல்டெக் லான்சிங்கின் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' ஸ்பீக்கர்களை ஆர்வலர்கள் இன்றும் தேடிப்பிடித்து வீட்டுத் திரையருகே அடுக்குகிறார்கள்.

புதுப்பிப்பது நுணுக்கமான வேலை. காந்த இடுக்கில் படிந்த இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். விரிசல் விட்ட டயஃப்ரத்தையும் பழுதான கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டும். அடுக்கும்போது பாஸ் பெட்டி கீழே. குழாய் மேலே, காது மட்டத்தில்.

மும்பையின் பாண்டுப் வாசகர்கள் ஸ்லோ லோக்கல் ரயிலில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இறங்கினால், பழம்பொருள்களுக்குப் பேர்போன சோர் பஜார் நடை தூரம்தான். குழாய் ஸ்பீக்கர் கண்ணில் பட்டால், விலை பேசுமுன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 8 ஓம் டிரைவர் 6 ஓம் அளவில் காட்டினால் அதன் கம்பிச்சுருள் அறுந்துபோகவில்லை.