கம்பி வழியே வரும் எழுத்துகள்

கடையில் மின் தராசு பொருளை நிறுக்கிறது. அதன் எடை அருகிலுள்ள கணிப்பொறித் திரையில் தோன்றுகிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி நம் கண்ணுக்குத் தெரியும். அக்கம்பி வழியே வரும் செய்தியைப் பெற்றுக் கொடுக்கும் நிரல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு ‘டிரைவர்’ என்று பெயர். இயக்கி நிரல் எனலாம்.

கணிப்பொறியின் ‘சீரியல் போர்ட்’ என்னும் வாயில், எழுத்துகளைத் துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். இதற்கான ஆர்.எஸ்.232 என்ற விதிமுறை 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஓர் எழுத்துக்கு எட்டுத் துண்டுகள். தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க மேலும் இரண்டு. வினாடிக்கு 9600 துண்டுகள் வந்தால் 960 எழுத்துகள் வருகின்றன என்பது பொருள்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில் இப்பணிக்கு 8250 என்ற சில்லு பயன்பட்டது. வந்து சேர்ந்த ஓர் எழுத்தை மட்டுமே அது வைத்திருக்கும். அடுத்த எழுத்து வருவதற்குள், அதாவது ஏறத்தாழ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள், இயக்கி நிரல் அதை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அந்த எழுத்து அழிந்துபோகும். எடையில் ஓர் இலக்கம் விடுபட்டால் கணக்கு என்னவாகும் என்று சிந்தித்துப் பாருங்கள்! பின்னர் வந்த 16550ஏ சில்லு 16 எழுத்துகளைச் சேர்த்து வைத்து இந்த நெருக்கடியைக் குறைத்தது.

விருந்தினர் வந்துவிட்டாரா என்று அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பது ஒரு முறை. அழைப்பு மணி ஒலித்ததும் எழுந்து செல்வது மறு முறை. முதல் முறையில் வேறு வேலை எதுவும் நடைபெறாது. ஆகவே நல்ல இயக்கி நிரல் இரண்டாவது முறையையே கையாள்கிறது. எழுத்து வந்ததும் சில்லு சைகை தருகிறது. நிரல் கைவேலையை நிறுத்தி, எழுத்தை எடுத்துத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பழைய வேலையைத் தொடர்கிறது. சேமிப்பு நிரம்பும் நிலை வந்தால், ‘சற்றுப் பொறு’ என்று அனுப்புபவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இந்நுட்பத்தைக் கற்கும் ஆர்வமே ஒரு பெரும் படைப்புக்கு வித்திட்டது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணிப்பொறியுடன் தொடர்பு கொள்ள ஒரு நிரல் எழுதினார். அதன் ஒரு பகுதி விசைப்பலகையில் தட்டியதை மோடத்திற்கு அனுப்பும். மறு பகுதி மோடம் தருவதைத் திரையில் காட்டும். பெற்ற கோப்புகளைச் சேமிக்க விரும்பியபோது, ஹார்ட் டிஸ்க்குக்கும் இயக்கி நிரல் எழுத நேர்ந்தது. அம்முயற்சி வளர்ந்தே ‘லினக்ஸ்’ ஆயிற்று.

அவர் தவறே செய்யவில்லையா? செய்தார். மோடத்திற்குச் செல்ல வேண்டிய கட்டளைகளை ஒருநாள் கவனக்குறைவால் ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். அதில் அவர் பயன்படுத்தி வந்த ‘மினிக்ஸ்’ என்னும் இயக்க அமைப்பு சிதைந்தது. அதை மீண்டும் நிறுவுவதற்குப் பதிலாகத் தம் படைப்பையே முழுமையாக்க அவர் முனைந்தார். இதனை அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

இன்றைய வீட்டுக் கணிப்பொறிகளில் யு.எஸ்.பி. அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. எனினும் தொழிற்கூடக் கருவிகளிலும் தராசுகளிலும் பழைய சீரியல் முறை இன்னும் வாழ்கிறது.

கணிப்பொறி கற்கும் நம் பிள்ளைகள் திரையில் மின்னும் வண்ணங்களோடு நின்றுவிட வேண்டாம். தன்னிடம் வந்த ஒவ்வோர் எழுத்தையும் அமானிதமாகக் கருதி, கூட்டாமல், குறைக்காமல், வந்த வரிசை மாறாமல் உரியவரிடம் சேர்ப்பதே இயக்கி நிரலின் கடமை. அதை எழுதுபவருக்கு அறிவோடு பொறுமையும் வேண்டும். அது சரியாக நடக்கும்வரை எவரும் பாராட்டுவதில்லை. ஓர் எழுத்து தவறினால் எல்லோரும் அறிந்துகொள்வார்கள்!