போடியில் காவல் இடம் மாறிய கதை

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் அன்று விலை வாயால்தான் ஏறியது. வியாபாரி மாதிரிக் காயை உரித்து முகர்ந்து பார்ப்பார், ஒரு விலை கேட்பார். அடுத்தவர் அதற்கு மேல் கேட்பார். யார் என்ன கேட்டார் என்பது கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும். 2007 வாக்கில் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021-இல் இங்கிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கும்படி அது இணையத்தில் ஏறியது. காய் இன்றும் கைக்கு வருகிறது. கேட்பது மட்டும் பட்டனில்.

அன்று குடோனுக்குப் பூட்டும் ஒரு வாட்ச்மேனும் போதும். இன்று வியாபாரியின் கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் யார் காப்பது? சைபர் பாதுகாப்பு என்ற அந்த வேலைக்கு ஆள் தேவை. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இன்றே அதற்குத் தயாராகத் தொடங்கலாம்.

அன்று கணினிப் பொறியியல் படிக்க வெளியூர் போகவேண்டும். 2012-இல் போடிக்கே அரசு பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் கல்லூரி வரை காத்திருப்பானேன்? அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதில் லினக்ஸ் போடுங்கள். 'பேண்டிட்' என்ற இலவச விளையாட்டு, கட்டளைகளைப் படிப்படியாகப் பழக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'பிகோசிடிஎஃப்' பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே புதிர் போடுகிறது. கேரளத்து அமிர்தபுரியிலிருந்து நடக்கும் 'இன்சிடிஎஃப் ஜூனியர்' போட்டியும் உண்டு. நெட்வொர்க், கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். இரண்டு மாதத்தில் 'ஹேக்கர்' ஆக்குவதாகப் பணம் கேட்கும் வகுப்புகளை நான் நம்பமாட்டேன். பொறுமைதான் இதில் முதல் பாடம்: தட்டில் பரப்பிய காயில் வெடித்ததை மட்டும் விரல் தானாகப் பொறுக்குகிறதே நம்மூர்ப் பெண்களுக்கு, அதுபோல ஆயிரம் கணினிப் பதிவு வரிகளில் பொருந்தாத ஒன்று கண்ணில் படவேண்டும்.

லட்சுமண் முத்தையா என்ற தமிழர் 2019-இல் இன்ஸ்டாகிராமில் அப்படி ஒன்றைக் கண்டார். கடவுச்சொல் மறந்தால் வரும் ஆறிலக்க எண்ணுக்கு மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள், பத்து நிமிட ஆயுள். ஒரே இடத்திலிருந்து ஊகித்தால் தடுப்பு விழும். அவர் ஆயிரம் ஐபி முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பித் தடுப்பைத் தாண்டிக் காட்டினார். யார் கணக்கையும் திருடவில்லை, நிறுவனத்திடம் சொன்னார். பரிசு 30,000 டாலர்.

அங்கேதான் கோடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் பள்ளிக்கூட வைஃபையில் நுழைந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு பாயலாம். மூன்றாண்டுச் சிறை வரை அதில் இடமுண்டு. பயிற்சிக்கென்று திறந்துவிட்ட இடங்களில் மட்டும் கைவையுங்கள்.

முதல் வேலையும் வீட்டிலேயே காத்திருக்கிறது. ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகும் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு இரண்டடுக்குப் பூட்டுப் போடுங்கள். ஓடிபி கேட்டு எவன் பேசினாலும் போனை வைக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அழைக்கவேண்டிய 1930 என்ற உதவி எண்ணை அவர் போனில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.