பிரஷர் நோர்மல் என்றால் கண் பத்திரமா?

உலக குளுக்கோமா வாரம் ஆண்டுதோறும் மார்ச்சில் வரும். கண் பரிசோதனை முகாமில் கண் பிரஷர் 18, நோர்மல் என்று எழுதித் தந்தார்கள், கிளினிக்கில் குளுக்கோமா என்று சொட்டு மருந்து தந்தார்கள், எதை நம்புவது? ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த கடிதங்களின் சாரம் இதுதான். கிளினிக்கை நம்புங்கள். 21க்கு மேல் போனால்தான் நோய் என்ற வரையறை நோயுற்ற பார்வை நரம்பைப் பார்த்து வந்ததல்ல. நலமாக இருந்தவர்களின் கண்ணழுத்தத்தை அளந்து, சராசரியோடு நியம விலகலின் இரு மடங்கைக் கூட்டிக் கீறிய கோடு அது. 2004இல் வெளியான ஜப்பானின் தஜிமி ஆய்வில், திறந்தகோணக் குளுக்கோமா இருந்தவர்களில் 92 வீதமானோருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. அந்தக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, இத்தனை பேரைச் சோதித்துவிட்டோம் என்று முகாம் நடத்துவோர் அறிக்கை விடுவதை ஏற்க முடியாது.

அழுத்தத்தைத் தாங்கும் தொடுப்பிழையத்தையும் பார்க்க வேண்டும். விழியின் பின்சுவரில், நரம்பு வெளியேறும் ஒன்றரை மில்லிமீற்றர் வாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. கொலாஜன், இலாஸ்டின் நார்கள் பின்னிய அந்தச் சல்லடையூடாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. இடியப்ப அச்சுகள் பலவற்றை அடுக்கித் துளைகளில் நூல் கோத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு பின்னுக்கு வளைந்தால் துளைகள் நேர் தப்பும், நூல் நசியும். நார் தளர்ந்தவருக்கு 18கூடப் பாரம்தான்.

நார் ஏன் தளர்கிறது? 'எக்ஸ்ஃபோலியேஷன்' என்ற நோய்நிலையில் இதற்கு ஒரு தெளிவான விடை உண்டு. இலாஸ்டின் நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதியம் ஒன்றை உண்டாக்கும் எல்ஓஎக்ஸ்எல்1 மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு, ஐஸ்லாந்து, சுவீடன் நோயாளிகளிடம் 2007இல் வெளிப்பட்டது. பிணைப்புக் கெட்ட நார்த்துணுக்குகள் வெண்பொடியாக வில்லைமேல் படிகின்றன. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. பாரம் ஏறுகிறது, அதைச் சுமக்கும் சல்லடையும் நலிகிறது. பாவையை மருந்திட்டு விரித்துப் பார்த்தால்தான் அந்தப் பொடி முழுதாகத் தெரியும். அவசர முகாமில் பாவையை விரிப்பதில்லை.

கண்டி ஆய்வில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 1.1 வீதத்தினருக்குத்தானே எக்ஸ்ஃபோலியேஷன் இருந்தது என்பார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனை தென்தமிழகக் கிராமங்களில் கண்டது 6 வீதம். தண்ணீர்மேலும் பனிமேலும் வேலை செய்தவர்களிடம் இந்நோய் கூடுதலாக இருந்ததை அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் நடந்த ஆய்வு 2014இல் காட்டியது. வாவியில் தோணி தள்ளுபவரை மலைநாட்டுக் கணக்கால் அளக்கக் கூடாது. மரபணுச் சோதனை செய்யலாமே என்றால், அதனால் பயனில்லை. அந்த மரபணுவின் அபாய வடிவம் நோயற்றவர்கள் ஏராளமானோரிடமும் இருக்கிறது. கோளாறு நாரில் என்றால் அழுத்தத்தைக் குறைப்பானேன்? நாரைத் திருத்த மருந்தில்லை, பாரத்தை இறக்கலாம். அழுத்தம் நோர்மலாக இருந்த நோயாளிகளிடம் அதை 30 வீதம் இறக்கியபோது, நோய் முற்றியவர்கள் 35 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்ததை 1998 ஆய்வு காட்டியது.

போன பார்வை திரும்புமா? திரும்பாது.

வாப்பாவுக்கு இருந்தால்? பிள்ளைகளும் சகோதரர்களும் பாவையை விரித்துக் காட்ட வேண்டும்.

கற்றராக்ட் சத்திரசிகிச்சை? வெண்பொடி இருந்தால் வில்லையின் பிடிநார் தளர்ந்திருக்கும். வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

நோன்பில் சொட்டு மருந்து? தொண்டைக்கு வந்ததை விழுங்காதவரை நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1997இல் தீர்மானித்தது. ஒரு வேளையும் விடாதீர்கள்.